புகைக்கு ஆறு மாதம், பிரேக்குக்கு ஐந்து ஆண்டு

ஆடிக் கிருத்திகைக்கும், டிசம்பர் 31ஆம் தேதி இரவு நடக்கும் படித் திருவிழாவுக்கும், மாதந்தோறும் வரும் கிருத்திகைகளுக்கும் திருத்தணியை நாடி வரும் யாத்திரீகர்களில் 365 படிகளையும் கால்நடையாக ஏறிச் சன்னதி சேருகிறவர்கள் ஒரு சாரார். மலையைச் சுற்றி வளைந்து மேலேறும் தார்ச்சாலை வழியாக மோட்டார் வாகனங்களில் வந்து சேருகிறவர்கள் மற்றொரு சாரார். இரண்டாவது சாராரின் வாகனங்களைச் சற்று நின்று கவனிக்கிறவர்களுக்கு ஓர் உண்மை பிரத்தியட்சமாகத் தெரியும். நேற்று வாங்கி இன்று பூஜைக்குக் கொண்டுவந்த புதுக் கார்களுக்கு நடுவே, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் தயாராகத் தொடங்கிய சான்ட்ரோக்களும், 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோன மாருதி 800களும், அதே ஆண்டு மே மாதத்தில் தொழிற்சாலையிலிருந்து விடைபெற்ற அம்பாசிடர்களும், பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரு முழுக் குடும்பத்தையும் மேலே கட்டிய பைகளையும் சுமந்துகொண்டு, இரண்டாவது கியரில் முனகியபடி மலை ஏறிக்கொண்டிருக்கின்றன. சிறு விவசாயியும், நெசவுத் தொழிலாளியும், ஓய்வு பெற்ற ஆசிரியரும் இரண்டாம் கையாகவோ மூன்றாம் கையாகவோ வாங்கிய வண்டிகள் அவை. அவற்றை இகழ்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை. சாமான்யக் குடும்பம் ஒன்று மழையில் நனையாமலும், பஸ்ஸுக்குக் காத்து நிற்காமலும் சுவாமி தரிசனம் செய்துவிட்டு வீடு திரும்புவது அந்தப் பழைய வண்டிகளின் புண்ணியத்தால்தான். ஆனால், ஏறிய வண்டி இறங்கவும் வேண்டுமே. இறக்கத்தில் அதன் பிரேக் பிடிக்குமா என்பதை, அக்குடும்பத்தைத் தவிர வேறு எவரேனும் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று கேட்டால், நம் சட்டம் தரும் பதில் மனத்துக்குச் சமாதானம் தருவதாக இல்லை.

1988ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 1989 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சொந்த உபயோகத்துக்கான காரின் பதிவுச் சான்று, அதாவது நாம் ஆர்.சி. புக் என்று சொல்வது, 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அந்தப் பதினைந்து ஆண்டுகளில் சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் அந்தக் காரைப் பரிசோதிக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஏதும் இல்லை. காலாவதியாகும் தருணத்தில், அதற்கு முந்தைய 60 நாட்களுக்குள், படிவம் 25ஐப் பூர்த்தி செய்து, சேசிஸ் எண்ணின் மீது காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த படியையும் ஒட்டி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நம் பக்கத்து ஜனங்கள் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்று அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் அதைப் பார்த்து, ஓடத் தகுதியானது என்று திருப்தியடைந்தால், பதிவு மேலும் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படும். பிறகு மீண்டும் ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் அந்த வண்டியின் சக்கரத்தை ஓர் ஆய்வாளரின் கண் பார்க்கும்.

வாடகைக்கு ஓடும் வண்டியின் விதி வேறு. புது டாக்சிக்கு இரண்டு ஆண்டுகளுக்கான தகுதிச் சான்று கிடைக்கும். எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். எட்டைக் கடந்துவிட்டால் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்டியே தீர வேண்டும். ஒரே தொழிற்சாலையிலிருந்து ஒரே நாளில் வெளிவந்த இரண்டு கார்களில், மஞ்சள் பலகை மாட்டியது எட்டு வயதுக்கு மேல் வருஷாவருஷம் சோதிக்கப்பட, வெள்ளைப் பலகை மாட்டியது பதினைந்து வயது வரை சோதனையே காணாமல், அதன் பின்னரும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் காண்கிறது. வாடகை வண்டி அதிக தூரம் ஓடுகிறது, காசு கொடுத்து ஏறும் அந்நியரைச் சுமக்கிறது என்ற நியாயம் இதற்குச் சொல்லப்படும். நியாயம் மெய்யே. ஆனால் சாலையில் எதிரே நடந்து வருகிறவருக்கு, தம்மை நோக்கி வரும் வண்டியின் பலகை எந்த நிறம் என்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

இதைவிட வியப்பளிக்கும் விஷயம் ஒன்று உண்டு. அதே பழைய காருக்குப் புகைப் பரிசோதனைச் சான்று வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பி.எஸ். 4 தரத்துக்கும் அதற்குப் பிந்தைய தரங்களுக்கும் உட்பட்ட வண்டிகளுக்கு அச்சான்று ஓராண்டு செல்லும். அதற்கு முந்தைய தலைமுறை வண்டிகளுக்கோ ஆறு மாதமே செல்லும். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் எந்த வண்டியும் சாலையில் ஓடலாகாது என்பதால், பெரும்பாலோர் ஆண்டுதோறும் காப்பீட்டையும் புதுப்பித்து வருகிறார்கள். ஆக, கிழட்டுக் கார் ஒன்றின் மூச்சுக்காற்றை ஆண்டுக்கு இரண்டு முறை சோதிக்கிறோம். அது மோதினால் கொடுக்க வேண்டிய நஷ்ட ஈட்டுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஏற்பாடு செய்கிறோம். மோதாமல் அதை நிறுத்த வேண்டிய பிரேக்கை மட்டும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்க்கிறோம். பழைய கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயத் தகுதிப் பரிசோதனை வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதன்மையான காரணம் இந்த முரண்பாடுதான்.

ஐந்து ஆண்டு இடைவெளி ஏன் அதிகம் என்பதை அறிய, மலையிறக்கத்தில் வண்டிக்குள் நடப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெடலை நாம் மிதிக்கும் விசை, ஒரு திரவத்தின் வழியாகத்தான் நான்கு சக்கரங்களுக்கும் போய்ச் சேருகிறது. நம் மெக்கானிக்குகள் அதை பிரேக் ஆயில் என்பார்கள். உண்மையில் அது எண்ணெய் அல்ல, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் ஒரு ரசாயனத் திரவம். ஐப்பசி கார்த்திகை மழையில் ஜாடிக்குள்ளிருக்கும் உப்பு எப்படி நீர் கோத்துக்கொள்கிறதோ, அப்படியே மூடிய குழாய்களுக்குள் இருந்தபோதிலும் இத்திரவம் மாதந்தோறும் சிறுகச் சிறுக ஈரத்தை ஏற்றுக்கொள்கிறது. ‘டாட் 3’ என்ற தரத்தைச் சேர்ந்த புதுத் திரவம் குறைந்தபட்சம் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அந்த எல்லை 140 பாகையாக இறங்கிவிடுகிறது. சமவெளிச் சாலையில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. இறக்கத்திலோ, பெடலில் வைத்த காலை எடுக்காமல் வளைவுக்கு வளைவு தேய்த்துக்கொண்டே வரும்போது, பிரேக்கின் உஷ்ணம் ஏறி, திரவத்தின் ஒரு பகுதி ஆவியாகிவிடும். திரவத்தை அமுக்கினால் அது விசையைக் கடத்தும். ஆவியை அமுக்கினால் ஆவி சுருங்குமே தவிர விசை போய்ச் சேராது. பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. அதனால்தான் ‘எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு’ என்று அனுபவசாலிகளான டிரைவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்; எஞ்சினே வேகத்தைப் பிடித்து நிறுத்த, பிரேக் சூடேறாமல் தப்பிக்கிறது. அந்த உபதேசம் நல்ல உபதேசம். ஆயினும், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றத்தக்க திரவத்தைப் பத்து ஆண்டுகளாக மாற்றாத வண்டியை எந்த உபதேசமும் முழுவதும் காப்பாற்றிவிட முடியாது.

டயரின் கதையும் இத்தகையதே. திருத்தணியில், தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் ஒரு மெக்கானிக்கின் பட்டறையில், அரக்கோணம் பக்கத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், தம் காரின் டயர்கள் பூ அழியாமல் புதிது போலவே இருப்பதாகப் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தார். மெக்கானிக் மறுத்துப் பேசவில்லை. பழைய துணியால் டயரின் பக்கவாட்டைத் துடைத்து, நீள்வட்டத்துக்குள் பொறித்திருந்த நான்கு இலக்கங்களின் மேல் விரலை வைத்து, “ஐயா, இங்க பாருங்க, 2311. இருபத்தி மூணாவது வாரம், ரெண்டாயிரத்துப் பதினொண்ணு. நீங்க ஓட்டுனது கம்மி, அதனால பூ இருக்கு. ரப்பர் செத்துப்போச்சு” என்றார். பெரியவர் குனிந்து பார்த்தார். பள்ளங்களின் அடியில் மயிரிழை போன்ற வெடிப்புகள் வரிசையாக ஓடியிருந்தன. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கப்படும் சொந்தக் காரின் அபாயம் இதுதான்: அதிகம் ஓடாததாலேயே அது நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கை உடையவருக்கு உண்டாகிவிடுகிறது. ஸ்டியரிங் ஆட்டமும், பால் ஜாயின்ட்டின் தேய்மானமும், அடித்தகட்டின் துருவும் அவ்வாறே, நாளுக்கு நாள் நுணுக்கமாக வளர்வதால், தினமும் ஓட்டுகிறவரின் கைக்குப் பழகிப்போய்த் தெரியாமலே இருந்துவிடுகின்றன. சாதாரண கவனத்தால் கண்டுபிடிக்கக்கூடிய பழுதோடு வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது குற்றம் என்று சட்டத்தின் 190ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால் சொந்தக்காரரின் சாதாரண கவனத்துக்கு எட்டாதவையே பெரும்பாலும் உயிரைக் குடிப்பவை. அவற்றுக்கு வெளியார் ஒருவரின் பழகிய கண் வேண்டும்.

பரிசோதனை இருந்தால் மட்டும் போதுமா என்ற கேள்வியை இங்கே எழுப்பாமல் போவது நேர்மையாகாது. 2012ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி, சென்னைத் தாம்பரத்தை அடுத்து, பள்ளிப் பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி, இருக்கைக்கு அடியில் தளத்தில் இருந்த ஓட்டை வழியாகச் சாலையில் விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தாள். தமிழ்நாடு முழுவதும் தாய்மார்கள் அன்று கண்ணீர் வடித்தார்கள். அந்தப் பேருந்து அதற்குச் சில வாரங்கள் முன்புதான் தகுதிச் சான்று பெற்றிருந்தது என்பது தெரியவந்தபோது, துக்கத்தோடு கோபமும் சேர்ந்துகொண்டது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. பள்ளி வாகனங்களுக்கென்று தனியான சிறப்பு விதிகள் அவ்வாண்டே தமிழ்நாட்டில் இயற்றப்பட்டன. அதிலிருந்து, கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறப்பதற்கு முன்னர், ஒவ்வொரு மாவட்டத்திலும் மைதானங்களில் பள்ளிப் பேருந்துகளை வரிசையாக நிறுத்தி, போக்குவரத்து, காவல், கல்வித் துறைகளின் உத்தியோகஸ்தர்கள் கூட்டாகப் பார்வையிடுவது வழக்கமாக நடந்து வருகிறது. தளத்தின் பலகை, அவசர வழி, தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறார்கள். குறையுள்ள வண்டியைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

அச்சிறுமியின் மரணம் நமக்குக் காட்டியது, சான்றும் சோதனையும் ஒன்றல்ல என்பதை. எஃப்.சி. வேலை என்றாலே டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடிப்பது என்ற எண்ணம் நம் பட்டறைகளில் ஊறிப்போயிருக்கிறது. மேலே பளபளக்கும் வண்ணத்துக்கு அடியில் துருப்பிடித்த தகடு ஒளிந்திருக்க முடியும். காலையில் சில மணி நேரத்துக்குள் பல வண்டிகளைப் பார்த்து முடிக்க வேண்டிய ஆய்வாளர், எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், கண்ணாலும் காதாலும் காணக்கூடியது கொஞ்சமே. நேர்மை குறைந்த இடத்தில், தரகர் மூலம் காகிதம் மட்டும் போய், வண்டி போகாமலே காரியம் முடிகிறது என்ற புகாரும் நெடுங்காலமாக இருக்கிறது.

இந்தக் குறையை நீக்கும் நோக்கத்தோடுதான் மத்திய சர்க்கார் 2021 செப்டம்பரில் தானியங்கிப் பரிசோதனை நிலையங்களுக்கான விதிகளை வெளியிட்டது. அந்நிலையங்களில் வண்டியின் சக்கரங்களை உருளைகளின் மேல் ஏற்றி, ஒவ்வொரு சக்கரத்திலும் பிரேக் எவ்வளவு விசையோடு பிடிக்கிறது, இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்பதை யந்திரமே அளக்கிறது. முன்விளக்கின் ஒளி எங்கே விழுகிறது, வண்டி நேராக ஓடாமல் பக்கவாட்டில் இழுக்கிறதா, ஷாக் அப்சார்பர்கள் அதிர்வை அடக்குகின்றனவா, எதிலே ஆட்டம் இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கருவி உண்டு. அளவுகள் கணினி வழியே நேராகப் பதிவாகிவிடுவதால், இடையில் கை வைக்கும் சந்தர்ப்பம் குறைகிறது. கனரக வாகனங்களை இந்நிலையங்களில்தான் சோதிக்க வேண்டும் என்று கட்டாயமாக்க முதலில் 2023 ஏப்ரல் முதல் தேதி குறிக்கப்பட்டது; போதிய நிலையங்கள் எழும்பாததால் அந்தத் தேதி தள்ளிவைக்கப்பட்டது. தாமதத்தை நான் பெரிதாகக் குறை கூற மாட்டேன். சோதனைக்காக ஒரு விவசாயி ஒரு நாள் கூலியை இழந்து நூறு கிலோமீட்டர் போக வேண்டுமானால், அந்தச் சட்டம் அமலாவதற்கு முன்பே அவர் மனத்தில் தோற்றுப்போய்விடும். திருத்தணி போன்ற ஊருக்கு ஒரு மணி நேரப் பிரயாணத்துக்குள் நிலையம் அமைய வேண்டும்.

கட்டணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் சாமான்யருக்கு உறுத்துவது அதுவே. 2021 ஆகஸ்ட் 13ஆம் தேதி பழைய வாகனங்களைக் கழிக்கும் தேசியக் கொள்கையைப் பிரதமர் தொடங்கி வைத்தார். அதை அடுத்து, 15 வயது கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக 2022 ஏப்ரல் முதல் உயர்த்தப்பட்டது. காலம் தவறினால் மாதத்துக்கு 500 ரூபாய் அபராதம். 20 வயது கடந்த காருக்கு 2025 ஆகஸ்டில் கட்டணம் 10,000 ரூபாயாக்கப்பட்டது. பழைய வண்டியை வைத்திருப்பது செலவாகிவிட்டால் ஜனங்கள் அதைக் கழித்துவிடுவார்கள் என்பதே இதன் உட்கருத்து. என் அபிப்பிராயத்தில் இது வண்டியின் வயதுக்கு விதிக்கும் தண்டனையே தவிர, வண்டியின் பழுதுக்கு மருந்து அல்ல. நன்றாகப் பராமரித்தவரும் 5,000 கட்டுகிறார், பராமரிக்காதவரும் 5,000 கட்டுகிறார். இருவரையும் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே 5,000 ரூபாயை ஆண்டுக்கு 1,000 வீதம் வாங்கிக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டும் உருளையின் மேல் ஏற்றி பிரேக்கை அளந்து அனுப்பினால், உடையவருக்குப் பாரம் கூடாது; ஒரே தடவையில் பெருந்தொகை புரட்ட வேண்டிய கஷ்டமும் நீங்கும்; சாலையில் போகிறவர்களுக்கு ஐந்து மடங்கு பாதுகாவல் கிடைக்கும்.

வயதை மட்டும் கண்டு தண்டிக்கும் வழி எங்கே கொண்டுபோய்விடும் என்பதைத் தலைநகர் தில்லியிலே கண்டோம். காற்று மாசின் பொருட்டு, 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் அங்கே ஓடலாகாது என்று பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அங்கே ஓட முடியாத கார்களில் பல, தடையின்மைச் சான்று பெற்று வேறு மாநிலங்களுக்கு விற்பனையாகின. தில்லியின் நெருக்கடி வேறு, நம் நெருக்கடி வேறு என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஓரிடத்தில் கழிக்கப்பட்ட வண்டி இன்னோரிடத்தில் இன்னொரு குடும்பத்தைச் சுமக்கிறதென்றால், அதை வாங்குகிறவருக்கு அதன் உண்மை நிலையைச் சொல்லும் ஆண்டுச் சான்று எவ்வளவு அவசியம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லையோர ஊரான திருத்தணிக்கு இது இன்னும் பொருந்தும். 1960 ஏப்ரல் முதல் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த இவ்வூரின் கடைத்தெருவில் ‘டிஎன் 20’ என்ற திருவள்ளூர்ப் பலகைக்குப் பக்கத்திலேயே ‘ஏபி 03’ என்ற சித்தூர்ப் பலகையும், இப்போது ஆந்திரம் முழுமைக்கும் பொதுவான ‘ஏபி 39’ம் நிற்கின்றன. நகரிக்கும் திருத்தணிக்கும் இடையே வண்டிகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. பதிவைப் பற்றிய சட்டம் மத்தியச் சட்டமாதலால், எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே கால அளவுதான். ஆகவே திருத்தமும் ஒரே இடத்தில் செய்தால் இரு மாநிலங்களுக்கும் பயன்படும்.

பிற தேசங்கள் இவ்விஷயத்தில் நமக்கு வெகுகாலம் முந்திக்கொண்டன. இங்கிலாந்தில் 1960இல், 10 ஆண்டு கடந்த கார்களுக்குப் பரிசோதனையைத் தொடங்கினார்கள். தேறாத வண்டிகளின் தொகையைக் கண்டு திகைத்து, மறு ஆண்டே வயதை ஏழாகக் குறைத்தார்கள். 1967இல் மூன்றாகக் குறைத்தார்கள். இன்றும் அங்கே மூன்று வயதான கார் ஒவ்வோர் ஆண்டும் சோதனைக்குப் போக வேண்டும். ஊர்தோறும் உள்ள அங்கீகாரம் பெற்ற பட்டறைகளிலேயே அது நடக்கிறது. நம்மவர் ஏராளமாக வாழும் சிங்கப்பூரில் மூன்று முதல் பத்து வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை, பத்தைக் கடந்தால் ஆண்டுக்கு ஒருமுறை. இலங்கையில் தனியார் கார்களுக்கும் ஆண்டுதோறும் புகைச் சோதனை உண்டு. இவற்றில் நமக்கு ஏற்றதாக எனக்குப் படுவது சிங்கப்பூரின் படிமுறையே: வயது ஏற ஏற இடைவெளி குறைய வேண்டும். நம் வாடகை வண்டிகளுக்கு இந்த முறை ஏற்கெனவே இருப்பதால், சொந்தக் கார்களுக்கு 15 வயதுக்குப் பின்னரேனும் அதையே நீட்டுவது புதுமையான காரியம் அல்ல.

சட்டம் திருத்தப்படும் வரை உள்ளூரில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பள்ளி திறப்பதற்கு முன் மைதானத்தில் பேருந்துகளைப் பார்வையிடுவது போலவே, ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய வாரங்களில், மலையடிவாரத்தில், சொந்தக் கார்களுக்கு ஒரு பரிசோதனை முகாம் நடத்தலாம். அபராதம் இல்லை, வழக்கு இல்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். அச்சம் இருந்தால் ஒருவரும் வரமாட்டார்கள். டயரின் நான்கு இலக்கத்தைப் படித்துச் சொல்வது, பிரேக் திரவத்தின் ஈரத்தைப் பேனா போன்ற சிறு கருவியால் பார்ப்பது, சக்கரத்தைத் தூக்கி ஆட்டம் இருக்கிறதா என்று அசைத்துப் பார்ப்பது, நான்கு விளக்குகளையும் எரியவிட்டுப் பார்ப்பது, இவ்வளவுக்கும் ஒரு காருக்குப் பதினைந்து நிமிஷம் போதும். குறைகளைத் தமிழிலும் தெலுங்கிலும் அச்சிட்ட ஒரு சீட்டில் குறித்துக் கொடுக்கலாம். போக்குவரத்து அலுவலகமும், தேவஸ்தானமும், ஊர் மெக்கானிக்குகளும், தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களும் கைகோத்தால், ஒரு பந்தலும் இரண்டு ஜாக்கிகளும் ஐந்தாறு பேருமே இதற்குத் தேவை. வரும் ஆடிக்கு முன்னமே தொடங்கிவிடலாம்.